வாசல் தாண்டாத ஆமை

குளத்து ஆமையைத் தின்றிருக்கிறாயா என்று பேத்தி கேட்டாள். தின்றிருக்கிறேன். மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தின்றவர்கள்தான். எனக்கு எழுதத் தெரியாது, அதனால் நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

ஆமை என்று நான் சொல்வது பாலாமையை. அதன் ஓடு கல் போல இருக்காது, விளிம்பு தோல் மாதிரி வளையும். கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கிப் புதைந்துகொள்ளும். ஆண்கள் கம்பியால் சேற்றைக் குத்திக்கொண்டே போவார்கள். வெறும் சேறு என்றால் கம்பி இறங்கிவிடும். ஆமை என்றால் ‘டொக்’ என்று நிற்கும். என் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தை வைத்தே ஆமையா பழைய வேரா என்று சொல்லிவிடுவார். கறி கோழிக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு ருசி. பெட்டை ஆமை என்றால் உள்ளே முட்டைக்கரு மஞ்சள் மஞ்சளாகக் கோத்துக் கிடக்கும், அதற்குத்தான் அடிபிடி. நல்லமிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு வற்றவிட்டால் போதும். பல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இருந்தும் வாய் ஊறுகிறது.

ஆனால் ஒன்று, அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆமை நுழைந்த வீட்டில் பிள்ளை தங்காது என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். உயிருள்ள ஆமை மட்டுமில்லை, அவித்த கறியும் கூடாது. குளத்துக் கரையிலேயே கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, அதற்கென்றே இருந்த ஒரு கரிச்சட்டியில் காய்ச்சுவார்கள். பனையோலைப் பட்டையில் வாங்கித் தின்றுவிட்டு, பட்டையைத் தூர எறிந்து, கை கால் கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீடு திரும்புவது. சட்டி கரையில் ஒரு உடைமரத்தில் வருஷம் முழுக்கத் தொங்கும். யாரும் திருட மாட்டார்கள். அதை எந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள்?

நான் சொல்லவந்தது என் மூத்த மகள் பிறந்த வருஷம் நடந்தது. மூத்தவள் என்று சொல்கிறேனே தவிர, அவளுக்கு முன்னால் இரண்டு பிறந்தன. ஒன்று ஒன்பது நாள் இருந்தது. இன்னொன்று இருபது நாள். இரண்டுக்கும் என்னிடம் பால் ஊறவில்லை.

அப்போது நாங்கள் சேரன்மகாதேவிக்கு மேற்கே, குளத்தை ஒட்டி ஓலைக் குடிசையில் இருந்தோம். அந்தப் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்து நாலைந்து வருஷம் இருக்கும். ரயில் ஊதினால் என் மாமியார் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவாள். அவள் எனக்கு அப்பாவின் அக்கா, அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எதுக்கு அத்தை கும்பிடுத என்று கேட்டால், “எதுக்கும் இருக்கட்டும்ட்டி” என்பாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரு பதில்தான்.

அந்த வருஷம் மாசி பங்குனி அறுப்பு முழுக்க நிறை வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து நின்றேன். கதிர்க்கட்டைத் தலையில் வைத்தால் கால் இரண்டும் தானாக மடங்கும். வலி வந்தபோதுகூட, அப்பாடா இனி நாலு நாள் படுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. படுக்க எங்கே விட்டது. பிள்ளை மூன்றாம் நாளிலிருந்து பூனைக்குட்டி மாதிரி மெல்ல முனக ஆரம்பித்தது. கருப்பட்டித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தோம். அது சப்பிவிட்டு, ஏமாந்துபோய் என் முகத்தைப் பார்க்கும். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. இதுவும் போய்விடும் என்று நான் மனசுக்குள் தயாராகிக் கிடந்தேன். அப்படி ஒரு களைப்பு.

ஐந்தாம் நாள் மருத்துவச்சி வந்து என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள்தான் மூன்று பிள்ளைகளையும் எடுத்தவள்.

“பால்சுறா கருவாடு கெடைச்சா அவிச்சுக் குடு” என்றாள் அத்தையிடம்.

“கருவாட்டுக்காரி இந்தப் பக்கம் வந்து ரெண்டு வாரமாச்சு.”

“அப்பம் நான் சொல்லுதேன்னு கோவப்படாத. ஒரு பாலாமையப் புடிச்சு, நல்லமிளகு தட்டிப் போட்டு ரசமா வச்சுக் குடு. ரெண்டு நாளையில சொரந்துரும்.”

“பிள்ள பெத்த வீட்டுலயா?” என்றாள் அத்தை. மருத்துவச்சி போன பிறகும் அதே இடத்தில் நின்றாள்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குத்தான் குளத்தில் ஊரே இறங்கி மீன் பிடித்தது. என் வீட்டுக்காரர் உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே ஒரு ஆமையோடு வந்துவிட்டார். முறம் அகலம். குடிசைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் அதை மல்லாக்கப் போட்டார். ஓலை இடுக்கு வழியாக எனக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

“ஏலே, எங்கன கொண்டாந்து போட்டிருக்க அத?” என்றாள் அத்தை.

“பொறத்தாலதான. வீட்டுக்குள்ளயா கொண்டாந்தேன்?”

“தல வீட்டப் பாத்துல்லா கெடக்கு. திருப்பிப் போடு.”

அவர் காலால் திருப்பினார். “இப்பம் குளத்தப் பாத்துக் கெடக்கு. போதுமா?”

இப்போது இடைஞ்சல் எங்கே என்றால், ஆமை உள்ளே வரக் கூடாது, நான் வெளியே போகக் கூடாது. பிள்ளை பெற்றவள் பதினாறு நாள் வாசலைத் தாண்டக் கூடாது. போன தடவை ஏழாம் நாளே தண்ணீர்க் குடத்தோடு வெளியே போனேன், அதனால்தான் பிள்ளை போயிற்று என்று ஊரில் ஒரு பேச்சு. அத்தை அதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் இந்தத் தடவை வாசலில் பாயைப் போட்டு அவளே குறுக்கே படுத்தாள்.

அடுத்த குடிசையில் என் அண்ணன் பெண்டாட்டி இருந்தாள். மைனிக்கு வாய் சும்மா இருக்காது. “வெட்டி அவிச்ச பொறவு அது ஆமையா கறியா, பெரியம்மா?” என்று கேட்டாள்.

“ஒங்க ஆத்தா வீட்டுல கொண்டு வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லு.”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே சுற்றி வந்தார். பிறகு பின்பக்கச் சுவரில், நான் படுத்திருந்த இடத்துக்கு நேராக ஓலையைத் தட்டினார். “இங்கன ஒரு ஓட்ட போடுதேன். சட்டி வெளியவே இருக்கட்டும், அவ உள்ளயே இருக்கட்டும். கை மட்டும் போயிட்டு வரட்டும்.”

அத்தை யோசித்தாள். “கை வாய்க்குத்தானல போவும். வாய் உள்ள இருந்தா கறி உள்ள வந்த மாதிரிதான.”

“அப்பம் தலைய வெளிய நீட்டித் தின்னட்டும்.”

“பச்ச உடம்புக்காரி தலைய வெளிய நீட்டலாமா?”

“உடம்பு உள்ளதானம்மா இருக்கு.”

“முழுங்கின பொறவு?”

“முழுங்கின பொறவு அது கறி இல்ல, ஒம் மருமவ.”

மைனி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடிவயிறு வலித்ததால் அடக்கிக்கொண்டேன். அத்தை சிரிக்கவில்லை. பிள்ளை முனகியது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “பைய அறு. ஓல சிந்தாம அறு” என்றாள்.

தரையை ஒட்டி முறம் அகலத்துக்கு அரிவாளால் அறுத்தார். வெளிச்சம் வந்து பாயில் விழுந்தது. அவர் சட்டியும் விறகும் எடுக்கக் குளத்துக் கரைக்குப் போனார். அத்தை முன்பக்கம் நல்லமிளகு தட்ட உட்கார்ந்தாள். மைனி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் கண்ணை மூடியிருப்பேன். சேற்று வாடை அடித்தது. திறந்து பார்த்தால் பாய் ஓரத்தில் ஆமை நிற்கிறது. பிள்ளைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. மல்லாக்கப் போட்டால் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். பாலாமைக்குக் கழுத்து நீளம். அதை ஊன்றிப் புரண்டு, இருட்டைத் தேடி, எங்கள் கையாலேயே அறுத்துவைத்த வழியாக உள்ளே வந்துவிட்டது.

சத்தம் போட வாயைத் திறந்தேன். போடவில்லை. அத்தை பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என்னையும் பிள்ளையையும் அந்தச் சித்திரை வெயிலில் மரத்தடிக்குக் கொண்டுபோவாள். குடிசையைப் பிரித்துப் போடுவாள். ரசமும் கிடையாது. ஐந்து நாள் பட்டினி கிடந்த பிள்ளை அந்த வெயிலைத் தாங்காது.

தரை கூட்டுகிற வாரியல் கைக்கெட்டியது. அதை வைத்துத் தள்ளினேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. உட்கார்ந்த வாக்கில் தரையில் தேய்த்து நகர்ந்து, இரண்டு காலாலும் தள்ளினேன். ஆட்டுரலைத் தள்ளுவது போல இருந்தது. ஒரு சாண் நகர்த்துவேன், மூச்சு வாங்குவேன். “போ தாயி, ஒன்னத்தான் இன்னைக்கு நம்பியிருக்கேன், போ” என்று அதனிடமே கெஞ்சினேன். தின்னப்போகிற ஆமையிடம் கெஞ்சியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில் அது வெளியே சரிந்து விழுந்தது. சாணம் மெழுகிய தரையில் அது வந்த தடம் ஈரமாகக் கிடந்தது. முந்தானையால் துடைத்து, அதன்மேல் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அத்தை எட்டிப் பார்த்தாள். “என்னட்டி ஈரம்?”

“செம்பு சரிஞ்சிட்டு அத்த.”

“ஒனக்கு ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?”

“பசி.”

அவர் வந்து, “ஏ, இது பொரண்டுல்லா நிக்கி” என்றார். அத்தை ஓடிப்போய், “எங்கன நிக்கி? எந்தப் பக்கமா?” என்று கேட்டாள். “ஓட்டைக்கு வெளியதான் நிக்கி, பயப்படாத” என்று அவர் சொன்னார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

பொழுது சாயும்போது குப்புறப் படுத்து, ஓலை ஓட்டையில் தலையை நீட்டி, அவர் பிடித்த பட்டையில் ரசத்தைக் குடித்தேன். ஆமை மாதிரியேதான் இருந்திருப்பேன். மிளகுக் காரம் காதுவரை ஏறியது. கறியை அவர் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். முட்டைக்கரு ஏழோ எட்டோ இருந்தது, ஒன்றைக்கூட அவர் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் அத்தை என் தலையை உள்ளே எடுக்கவிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடியும்போது என் ரவிக்கையில்லாத மாராப்பு நனைந்து கிடந்தது. பிள்ளை குடித்தது, தூங்கியது, மறுபடி குடித்தது. ஆமையால் வந்ததோ, ஐந்து நாளைக்குப் பிறகு என் வயிறு நிறைந்ததால் வந்ததோ, எனக்குத் தெரியாது.

ஆனால் அதன் பிறகுதான் எனக்கு அசல் களைப்பு. பிள்ளை தும்மினால் ஆமை. இருமினால் ஆமை. ஒன்பதாம் நாள் தூங்கவில்லை, இருபதாம் நாள் தூங்கவில்லை. பல் முளைக்கிற காய்ச்சலில் அத்தை கோயில் கோயிலாக ஓடினாள். என்ன குறை வைத்தோம் என்று என்னிடமே கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கல்லைச் சுமந்தால் இறக்கி வைக்கலாம், இதை எங்கே இறக்குவது.

பிள்ளை எழுந்து நடந்த அன்றைக்குச் சொல்லிவிட்டேன். இனிமேலும் வைத்திருக்கத் தெம்பில்லை. அத்தை சொளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“எந்த வழியாட்டி வந்துச்சு?”

“அந்த ஓட்ட வழியா.”

“வாசல் வழியா வரல?”

“இல்ல அத்த. வாசல்ல நீயில்லா இருந்த.”

பிள்ளை தத்தித் தத்தி வந்து சொளவில் கையை விட்டு அரிசியை அள்ளி இறைத்தது. அத்தை அதைத் தடுக்கவில்லை.

“வீட்டுக்கு வாசல் ஒண்ணுதான்ட்டி” என்றாள். “ஓட்டைக்குள்ள நொழைஞ்சதெல்லாம் வீட்டுக்குள்ள வந்த கணக்கா? எலி வருது, பல்லி வருது.”

சொல்லிவிட்டு மறுபடி புடைத்தாள். சாயங்காலம் பார்த்தால், என்றைக்கோ ஓலை வைத்து அடைத்த அந்த இடத்தில் மண்ணைக் குழைத்து, பானைத் தடிமனுக்கு அப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் தன் இடுப்பிலேயே கட்டியிருந்தாள். நான் உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தேன். எழுப்பாதே என்று அவள் மைனியிடம் சொல்வது மட்டும் காதில் விழுந்தது.