வேடியப்பனின் விமானம் ஏன் ஆடியது?

போன வாரம் நெல்லிவாசல்நாட்டில் ஒரு விமானம் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் விமானம்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டுகிற ஃப்ளைட் சிமுலேட்டர். எனக்கு அந்தப் பைத்தியம் முற்றிப்போன விஷயம், இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புகிறார்கள். நான் திருப்பத்தூரில் என் மேஜையை விட்டு எழாமல் லண்டனில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் நடந்தால் சரி... ஜவ்வாது மலையில், சாமைக் காட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் விமானத்துக்கு என்ன வேலை?

அதற்கு வேடியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேடியப்பன் ஷேர் ஜீப் டிரைவர். மலை மேல் பஸ் எப்போதாவதுதான் வரும். மற்றபடி ஜீப்தான். புளி மூட்டை, ஆட்டுக்குட்டி, பிரசவத்துக்குப் போகிற பெண், காலேஜ் பிள்ளைகள், எல்லோரையும் ஒரே வண்டியில் அடைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் அவர் இறங்குகிற அழகைப் பக்கத்து சீட்டிலிருந்து பல தடவை பார்த்திருக்கிறேன். நிதானமான ஆள். ஹாரன்கூட அவசியத்துக்குத்தான் அடிப்பார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் சீக்கிரமே தேறிவிட்டது. வலது கைதான் முழுசாகத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். அதைக் கிணற்றில் வீசிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் இல்லை.

அவர் மகன் சதீஷ் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். அவனும் என்னைப் போலவே விமானப் பைத்தியம். என்னுடைய பழைய யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங்கை, அவனுக்குத்தான் கொடுத்திருந்தேன். லீவில் வந்தவன் தன் கம்ப்யூட்டரையும் யோக்கையும் அப்பா முன்னால் வைத்து, சும்மா பிடித்துப் பாருங்கள் என்றிருக்கிறான். பிடித்தார். அதோடு படுக்கையை விட்டு எழுந்தவர்தான்! மலையின் காடு மேடுகளைக் காட்டுகிற ஆட்-ஆன் ஒன்றையும், அதாவது கூடுதல் சாஃப்ட்வேரையும், சதீஷ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். காலையில் கஞ்சி குடித்ததும் வேடியப்பன் மேஜைக்குப் போய்விடுவார். "நம்ம மலை மேலயே ஓட்டிக்கினு இருக்கறேன் சார்" என்று போனில் சொல்வார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் வந்த போனில் அந்தக் குரல் இல்லை.

"சார், ஏரோப்ளேன் குடிச்சவன் மாதிரி ஆடுது. இத்தினி நாளா நேராப் போய்க்கினு இருந்துது. ஏதோ அப்டேட்டுன்னு வந்துது சார், அப்பாலதான் இந்தக் கூத்து. நம்ம யோக்கு தேஞ்சிப் போச்சா?"

என் பழைய யோக். குற்றவுணர்ச்சி குத்தியது. ஸ்க்ரூ டிரைவர், கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே, புது யுஎஸ்பி கேபிள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன்.

வேடியப்பன் எனக்கு ஓட்டிக் காட்டினார். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்போதே இறக்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வெட்டி வெட்டிச் சாய்ந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

"நீங்க பாத்துக்கினு இருங்க சார். டீக்குப் பால் வாங்கிக்கினு வர்றேன்" என்று அவர் வெளியே போனார்.

நான் ஆரம்பித்தேன். கேபிளை மாற்றினேன். நடுவில் இருந்த யுஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு யோக்கை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஒரே வேலைக்கு இரண்டு சாதனங்கள் போட்டி போட்டாலும் விமானம் இப்படி ஆடும். யோக்கோடு வைத்திருந்த கால் பெடல்களைக் கழற்றிப் பார்த்தேன். யோக்கைத் திறந்தேன். ரேடியோவின் வால்யூம் திருகு போல உள்ளே ஒரு சின்ன பாகம் உண்டு. தேய்ந்தால் ஜெர்க் அடிக்கும். அதற்கும் ஸ்ப்ரே அடித்து மூடினேன். பிறகு நானே உட்கார்ந்து ஓட்டினேன்.

விமானம் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

மறுபடி எழுப்பினேன். மறுபடியும் நேராகவே போனது. ஆக, ஸ்ப்ரே வேலை செய்துவிட்டது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம். அப்டேட்டுக்குப் பிறகுதானே ஆட ஆரம்பித்தது? தேய்மானம் அப்டேட்டுக்காகவா காத்திருக்கும்?

தேடியதில் அகப்பட்டது. யோக்குக்கும் சிமுலேட்டருக்கும் நடுவில் சதீஷ் ஒரு சின்ன ஆட்-ஆன் சாஃப்ட்வேர் போட்டு வைத்திருந்தான். சிமுலேட்டர் அப்டேட் ஆனதும் அது ஒத்துப்போகாமல் நின்றுவிட்டது. அடிக்கடி நடப்பதுதான். அதன் செட்டிங்கைத் திறந்தேன்... அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டெட் ஸோன் என்று ஒன்று உண்டு. கை எவ்வளவு அசைந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம் என்று சொல்லி வைப்பது. ஜீப் டிரைவர்கள் 'ஸ்டியரிங்ல ப்ளே இருக்கு' என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். எல்லோரும் துளி வைப்போம். இங்கே பாதி தூரத்துக்கு இழுத்து வைத்திருந்தது. வெட்டி வெட்டி வரும் அசைவை வழவழப்பாக மாற்றித் தருகிற வசதியும் முழுதாகப் போட்டிருந்தது. அதாவது, ஓட்டுகிறவர் கை நடுங்கினாலும் விமானத்துக்குத் தெரியவே தெரியாது.

யோக்கில் ஒரு கோளாறும் இல்லை. அப்டேட்டிலும் இல்லை.

நிமிர்ந்தால் காசியம்மா நின்றுகொண்டிருந்தார். வேடியப்பனின் மனைவி. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சதீசுதான் சார் வெச்சான். மொத நாளு ஆடி ஆடி மலையில மோதிக்கிச்சு. அவரு மூஞ்சியப் பாக்க முடியல. ஏதாச்சும் பண்ணுடான்னேன். மறாநாளு புள்ள இன்னாவோ பண்ணான், நேராப் போச்சு. அன்னிக்குத்தான் சார் ரெண்டு வாயி சோறு ஒழுங்கா துன்னாரு. மறுபடியும் அதையே போட்டுடுங்க. அவராண்ட சொல்லிடாதீங்க, உங்கள கும்புடறேன்."

என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்? கம்ப்யூட்டரில் விளையாடுகிற விமானம். நேராகப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டால்தான் அங்கே டவர் கிடைக்கும். அப்படிக் கட்டி, ஆட்-ஆனின் புது வெர்ஷனை இறக்கி, சதீஷின் பழைய செட்டிங்கை அதில் ஏற்றினேன்.

வேடியப்பன் பாலோடு வந்தார். உட்கார்ந்தார். இடது கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலில், வலது கை மட்டும் யோக்கில். விமானம் அலுங்காமல் குலுங்காமல் மலையைச் சுற்றி வந்து இறங்கியது.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல காரியம் செய்தோம் என்றே நினைத்தேன். அவர் போனை எடுத்து, ஜீப்புக்கு ஆள் சேர்க்கிற முருகனைக் கூப்பிட்டார்.

"முருகா... சந்தைக்கு வண்டி வரும்னு எல்லாராண்டயும் சொல்லிடு. இன்னாது? நான்தான்டா ஓட்றேன்! வேற யாரு?"

காசியம்மா நீட்டிய டீ டம்ளரை வாங்கிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

"வண்டி... நீங்களா வேடியப்பன்?"

"ஆமா சார். இது எனுக்குப் பரிட்சை மாதிரி. கொண்டை ஊசியில கியர் போடறப்ப இடது கை போய்டும். வலது கை மட்டும்தான ஸ்டியரிங்ல? இதுலயும் அதே மாதிரிதான் ஓட்டிப் பாத்துக்கினு இருக்கறேன். இந்தச் சந்தை வரைக்கும் நேராவே எறக்கினா வண்டிய எடுக்கறதுன்னு மனசுல வெச்சிக்கினு இருந்தேன். நடுவுல இந்த மிஷினு ஆடினதும் பயந்துட்டேன் சார். கையோன்னு நெனச்சிட்டேன்."

சந்தை நாள் ஜீப்பை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே பெண்கள் மடியில் குழந்தைகளோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் ஆட்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அத்தனை பேர் உயிரும் அந்த வலது கையில். அந்தக் கை நன்றாக இருக்கிறது என்று இப்போதுதான் நான் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறேன்!

சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது... வாரா வாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள், டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காசியம்மாதான் வாயைத் திறந்தார்.

"சார், அத எடுத்துடுங்க."

"எத எடுக்கச் சொல்ற?" என்றார் வேடியப்பன்.

"ப்ளே வெச்சிருக்குதுய்யா அதுல. உன் கை ஆடறது தெரியக் கூடாதுன்னு சதீசு வெச்சான். நான்தான் வெக்கச் சொன்னேன். இப்பவும் சாராண்ட நான்தான் சொன்னேன்."

வேடியப்பன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"எல்லாருமா சேந்து என்னக் கொழந்த ஆக்கிட்டீங்க" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஆமா, ஆக்கினேன்!" காசியம்மா அழுதார். "செவுத்தப் பாத்து படுத்துக்கினு இருந்தியே, அப்ப எனுக்கு வேற இன்னா தெரியும்? இத வெச்சி வண்டி எடுப்பேன்னு என்னாண்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

பிறகு வேடியப்பன், "எடுங்க சார்" என்றார். டெட் ஸோனை எடுத்தேன். மற்றதையும் எடுத்தேன். அவர் ஓட்டினார். விமானம் வெட்டி வெட்டிச் சாய்ந்தது. யோக்கைப் பிடித்திருந்த கையை இந்தத் தடவை நான் பார்த்தேன்.

அவர் எழுந்து நாற்காலியை மனைவி பக்கம் தள்ளினார். "நீ உக்காரு. உக்காரு காசி. வண்டி ஒரு பக்கமா இழுத்தா, இன்னொரு டிரைவராண்ட குடுத்துத்தான் பாக்கணும்."

அதுவரை அந்த யோக்கைத் துடைப்பதற்குக்கூடத் தொட்டதில்லை என்றார் காசியம்மா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்தார். த்ராட்டிலை வேடியப்பனே தள்ளிவிட்டார். எப்போது இழுக்க வேண்டும் என்று சொன்னார். விமானம் எழுந்தது. ஆடவில்லை. காசியம்மாவின் கண்ணீர் மட்டும் நின்றபாடில்லை.

"மிஷினு நல்லாத்தான் இருக்குது" என்றார் வேடியப்பன். வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். "கைதான்."

இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கலங்கியது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நாம் எல்லோருமே மிஷினில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஜாதி. பிரஷர் பார்க்கிற மிஷின் கூடுதலாகக் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்கிறோம். எடை மிஷின் பிடிக்கவில்லையா, இடம் மாற்றிப் போட்டு ஏறுகிறோம். நமக்கு வேண்டியவர்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே... மிஷினையே திருத்திக் கொடுத்துவிடுகிறோம். அன்பால்தான் செய்கிறோம். காசியம்மா செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்தப் பொய்தான் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. ஆனால் எழுந்த மனிதர் அடுத்து எங்கே போவார் என்று நாங்கள் ஒருவருமே யோசிக்கவில்லை.

வேடியப்பன் மறுபடி போனை எடுத்தார்.

"முருகா, வண்டி வரும். ஓட்றது என் மச்சான். நானா? நான் வரல..." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, வர்றேன். பக்கத்து சீட்ல உக்காந்துக்கறேன்."

நான் பையைக் கட்டினேன். யோக்கை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்?

"சார், ஒரு வேலை பாக்கி இருக்குது" என்றார். "ப்ளே எடுத்துட்டீங்க இல்ல? அதுக்கு நேர்மாறா ஒண்ணு வெக்க முடியுமா? கை கொஞ்சூண்டு ஆடினாலும் ஏரோப்ளேன் ஜாஸ்தியா ஆடற மாதிரி?"

"முடியும். ஆனா கஷ்டமா இருக்குமே வேடியப்பன்."

"இருக்கட்டும் சார். அதுல நேரா ஓட்டிட்டா அப்பால என்னை யாரும் ஏமாத்த முடியாது இல்ல?" என்று மனைவியைப் பார்த்தார். காசியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சிரித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

வைத்துக் கொடுத்தேன். நான் வாசலில் செருப்பை மாட்டும்போதே உள்ளே விமானம் விழுந்த சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொரு தடவையும் கேட்டது.

விழட்டும்... இந்தத் தடவை ஓட்டியது அவர்தான்.