பேழைக்குத் தண்ணீர் ஊற்றியவன்

என் மனைவி முடிச்சூரில் ஒரு கிறிஸ்தவ மழலையர் பள்ளியில் டீச்சர். "வீட்ல சும்மாதானே இருக்கீங்க, வந்து தண்ணி ஊத்துங்க" என்று இன்று என்னையும் இழுத்துப் போனாள்.

வேதப் பாடம்: கடவுள் அனுப்பிய பெருவெள்ளமும், அதில் மிதந்து தப்பிய பேழை என்ற கப்பலும். எதையும் செய்து பார்த்துத்தான் கற்க வேண்டுமாம். பெரிய டப்பில் பிள்ளைகள் ஈரமணலால் வீடுகள் கட்டியிருந்தார்கள். நடுவில் தெர்மாகோல் பேழை. பக்கெட்டோடு மழை பெய்விப்பது நான். இந்தத் தொப்பைக்குக் கடவுள் வேலை!

"பெருமழை!" என்று கர்ஜித்து ஊற்றினேன். வீடுகள் சரிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நான்கு வயது ஜெனிட்டா மட்டும் என் கையைப் பிடித்தாள். "அங்கிள், ஊத்தாதீங்க. அப்பா வண்டி எடுக்கக் கீழ போயிருக்காரு."

"மேல வந்துடுவாரு செல்லம்" என்று சிரித்தேன்.

மனைவி என் காதருகே வந்தாள். "வாயை மூடுங்க. போன வருஷ வெள்ளத்துல அப்படிக் கீழ போனவருதான் அவ அப்பா. ரெண்டு நாள் கழிச்சு பாடிதான் கெடைச்சுது."

ஜெனிட்டா டப்பிலிருந்து தண்ணீரைக் கையால் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து அள்ளினேன்.

அடுத்த வாரம் சிங்கக் குகையில் தள்ளப்பட்ட பக்தரின் பாடமாம், சிங்கத்துக்கு ஆள் வேண்டுமாம். நான் ராஜினாமா. உங்களில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா?