நோட்டீஸில் இல்லாத பெயர்

மைதாப் பசையின் புளித்த வாடை எங்காவது வந்தால் இன்றைக்கும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்பு படித்தபோது, எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் பசை காயாமல் ஒட்டியிருந்த ஒரு தெலுங்கு நோட்டீஸின் முன்னால் நின்றுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தொண்ணூறுகள் அவை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், பள்ளியிலும் ஆபீசிலும் தெலுங்கு. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நிலமே இல்லாதிருந்த எங்கள் குடும்பத்துக்கு, நான் பிறப்பதற்கு முன்பு அரசாங்கம் பட்டா கொடுத்த ஒன்றரை ஏக்கரில் அவர் கடலை போட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலைக்கு எடுக்கப்போகும் நிலங்களின் பட்டியல்தான் அந்த நோட்டீஸ். அதில் பெயர் இருந்தால் நஷ்டஈடு உண்டு, வீட்டுக்கு ஒருவருக்கு வேலையும் உண்டு என்றார்கள்.

"நம்ம பேரு அதுல கீதா பாரும்மா" என்று கூட்டத்துக்கு நடுவே என்னை முன்னால் தள்ளினார் நைனா. பக்கத்து நிலத்துக்காரரான சீனு மாமாவின் பெயர் இருந்தது. எங்கள் நிலத்தின் எண்ணும் இருந்தது. அதற்கு எதிரே நைனாவின் பெயருக்குப் பதிலாக "பிரபுத்வ பூமி", அதாவது அரசாங்க நிலம் என்று போட்டிருந்தது. ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, "கீது நைனா" என்று, பெயர் இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் என்று கடைசி வரியில் இருந்ததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மழை பெய்து அந்தக் காகிதம் கரைந்துபோனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சாமியை வேண்டிக்கொண்டு, சுவரைப் பார்க்காமல் பள்ளிக்குள் ஓடுவேன். பதின்மூன்றாம் நாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் அழுதுவிட்டேன்.

மறுநாள் நைனா பட்டாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மண்டல ஆபீசுக்குப் போனார். பட்டா சரிதான் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. ஆனால் "அடங்கல்" எனும் நிலப் பதிவேட்டில் இத்தனை வருஷமாக யாரும் பெயரை ஏற்றவில்லையாம். "ரேப்பு ரா" என்றார், நாளைக்கு வா என்று. அந்த நாளைக்கு அவர் லீவு. அதற்கடுத்த நாள் கெடு முடிந்துவிட்டிருந்தது.

சீனு மாமா நஷ்டஈட்டில் ஒரு வேன் வாங்கினார், பிறகு பஸ் வாங்கினார். இன்று கம்பெனி ஆட்களை ஏற்றிவரும் வண்டிகளில் பாதி அவருடையவை. எங்களுக்கு நின்ற பயிருக்கு மட்டும் ஏதோ கொடுத்தார்கள். நைனா திருப்பதிக்குப் போய், லாட்ஜுகள் எழும்பிக்கொண்டிருந்த தெருக்களில் கலவை சுமந்தார். வளர்ச்சி வந்தது பொய்யில்லை. ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் ஒரே கடலையைப் போட்ட இருவரில் ஒருவரிடம்தான் அது வந்தது.

போன மாதம் நைனாவோடு அந்தப் பக்கம் போனேன். வரப்பும் கடலைக் கொல்லையும் போய், லாரிகள் நிற்கும் சிமெண்டுத் தரைதான் இருந்தது. என் தம்பி அங்கே ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லியும் காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. சாலையோரத்தில் நின்றபடி, இத்தனை காலமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்: "நான் அன்னிக்கே நெஜத்த சொல்லிருந்தா நம்ம பேர ஏத்திருப்பாங்களா நைனா?"

அவர் கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ பொய் சொல்றன்னு அப்பவே தெரியும்மா. உன் கொரலே சொல்லிச்சி. ஆபீசுக்குப் போவ பயந்துக்கினு, நான்தான் நம்புனா மாதிரி இருந்துட்டேன்."