பிரேக் மாட்டியவர் முன் சீட்டில்

சான்டா கிளாராவிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிய அலுப்பு தோளில் கனக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் இந்த மியூசியத்தில், பல வருடம் பழுதுபார்த்த பழைய டிராம் இன்று முதன்முறையாக ஓடுகிறது. நாலு வயது மகளுக்குச் சவாரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாதோ?

டிராம் பக்கத்தில் கிரீஸ் படிந்த கையுறையோடு நிற்கும் தன்னார்வலப் பெண்மணி தமிழர். "பயமில்லையா ஆன்ட்டி?" என்கிறேன்.

"பிரேக் நான்தான் மாட்டினேன். மாட்டினவங்க முதல் ட்ரிப்ல முன் சீட்ல உக்காரணும், இங்க அதான் ரூல். டிராம் சரியா நின்னா அடுத்த ட்ரிப் உனக்கும் பாப்பாவுக்கும். நிக்கலைன்னா முதல் அடி எனக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிராம் போய்த் திரும்புகிறது. நிற்க வேண்டிய மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு முழம் தள்ளி நிற்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆன்ட்டி மட்டும் இறங்கி, குனிந்து கோட்டைப் பார்க்கிறார்.

"ஒரு முழம் ஓவர். அட்ஜஸ்ட் பண்ண ஒரு மணி நேரம் ஆகும். வெயிட் பண்றியாம்மா?"

"மம்மி, இஸ் இட் மை டர்ன்?" என்கிறாள் மகள்.

இப்போதே கிளம்பினால் டிராஃபிக்குக்கு முன் வீடு சேரலாம். ஆனால் கைதட்டலுக்கு நடுவில் கோட்டைப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"பண்றேன் ஆன்ட்டி," என்று பெஞ்சில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொள்கிறேன்.