கண்டக்டர் சம்சாரத்துக்கு ஒரு சீட்டு

தோளில் பை ஏறிய நிமிஷத்திலிருந்து, பஸ்ஸில் கால் வைக்கிற அத்தனை பேரும் கண்டக்டருக்கு முதலாளிகள்தான். இந்தப் பிழைப்பில் வயிறு வளர்த்த சகோதரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளில் திருத்தணி–மெட்ராஸ் பிரைவேட் பஸ்ஸில் நான் முழி பிதுங்கிய கதையைக் கேளுங்கள்.

வாயை மூடு

என் சம்சாரம் சகுந்தலாவுக்குத் தூக்கம் போச்சு, சோறு இறங்கவில்லை. தெருவில் ரெண்டு பேர் நின்று பேசினால், தன்னைப் பற்றித்தான் என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். உள்ளூர் டாக்டர், "மெட்ராஸ்ல மனசுக்கு வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரி இருக்குது, இட்டுகினு போப்பா" என்றார். இவளோ, "உன் பஸ்ஸுன்னா வரேன். எவனாச்சும் என்னப் பத்திப் பேசினா நீ கேப்பல்ல?" என்றாள்.

கேட்டேனே! முன் சீட்டில் அவளை உட்காரவைத்துவிட்டு, பின்னால் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த ரெண்டு பெண்களைப் பார்த்து, "பேசாம வாங்கம்மா!" என்று கத்தினேன். லுங்கி மூட்டையோடு வந்த பொதட்டூர்பேட்டைப் பெரியவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேசக்கூடாதுன்னு இதுல எங்க நைனா போட்டுகீது?"

தலை மாறிப்போச்சு

அன்றைக்கு மெட்ராஸ் பிராட்வே பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் பார்த்தாள், சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். இறங்கவே இல்லை. போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. விஷயம் பஸ் முழுக்கப் பரவி, ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கனகம்மாசத்திரத்தில் ஏறிய அம்மா, "மலைக்கு வேண்டிகினு மொட்ட போட்டுடு, சரியாப் பூடும்" என்றார். "போட்டாச்சும்மா" என்று தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். அந்தம்மா என் தலையைப் பார்த்தார், சகுந்தலாவின் பின்னலைப் பார்த்தார்.

"நோவு ஒருத்தருக்கு, மொட்ட ஒருத்தருக்கா? அப்புறம் எப்டி குணமாவும்?"

வாசலில் ரிப்பேர்

டிரைவர் மாணிக்கம்தான் வழி சொன்னான். ஆஸ்பத்திரி, நாங்கள் திரும்பி வருகிற ரோட்டிலேயே இருந்தது. அவள் கூட்டத்தில் இறங்க மாட்டாள் என்றால், பஸ்ஸையே ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய்விட்டால்? அடுத்த தடவை அவளையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பும்போது, பஸ் நிறைய ஜனத்தோடு கரெக்டாக வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "இஞ்சின் சூடாயிடுச்சு!" என்று ஒரு போடு போட்டான் பாருங்கள். சகுந்தலா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

டாக்டரம்மா தன்மையாகப் பேசினார். கொஞ்ச நேரத்தில் சகுந்தலா என்னிடம், "நீ வெளிய இரு, நான் பேசிட்டு வரேன்" என்றாள். வெளியே வந்தால் பஸ்ஸே கொதித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். அதுவரை என்னைக் கிழித்துக்கொண்டிருந்த பழக்கூடைக்காரம்மா இன்னும் வேகமாகக் கத்தினார்.

"பொண்ண உள்ள தனியா வுட்டுட்டு இங்க இன்னாய்யா பண்ணிகினு கீற? வாசப்படியிலயாச்சும் போய் நில்லு, பஸ்ஸு எங்க ஓடிப்பூடும்!"

முதலாளி கேள்வி

அதற்குப் பிறகு மாசாமாசம் அதே கூத்து. டாக்டரம்மா கூப்பிடுகிற நாளில் மாணிக்கத்துக்கு இஞ்சின் சூடாகும். வழக்கமாக வருகிறவர்கள் தாங்களே இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார்கள். சகுந்தலா சாப்பிட ஆரம்பித்தாள், தூங்கினாள். ஒரு நாள் நிஜ முதலாளி என்னையும் மாணிக்கத்தையும் கூப்பிட்டார். போச்சுடா வேலை என்று நின்றோம். அவர் வெற்றிலையை மென்று முடிக்கிறவரை எங்களுக்கு உயிரே இல்லை.

"இஞ்சினுக்கு இன்னும் எத்தினி மாசம் மருந்து குடுக்கணுமாம்?"

கை நழுவிய டிக்கெட்

அடுத்த வருஷம் ஒரு காலையில், டாக்டரைப் பார்க்கிற நாளாயிற்றே என்று முன் சீட்டில் துண்டு போட்டு வைத்துக் காத்திருந்தேன். ஆளையே காணோம். பதறிப்போய் வீட்டுக்கு ஓடினால், வழியிலேயே அவள் புதுப் புடவையில், தனியாக, ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"உன் பஸ்ஸு ஆடி அசஞ்சு போறதுக்குள்ள டாக்டரம்மா வூட்டுக்குப் பூடுவாங்க, நான் ரயில்ல போறேன்!"

என் சர்வீஸில் ஒரு டிக்கெட் கை நழுவிப் போனதற்குக் கண் கலங்கச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.