பந்திப் பரமசிவத்தின் அப்பளம்

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, சென்னை வானொலி நிலையத்து வேப்பமரத்தடியில் நேமிநாதன் தூக்குச்சட்டியைத் திறப்பார். ஒரு கவளம் வாய்க்கு, ஒரு பார்வை மேற்கே. சூரியன் இறங்குவதற்குள் சட்டி காலியாகிவிட வேண்டும். அவர் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணர். பொழுது சாய்ந்தால் வாய்க்குள் ஒரு பருக்கை போகாது.

ஆனால் ஏழே முக்காலுக்கு அதே வாய் வானொலி நாடகத்தில் ஊர் ஊராய் எச்சில் ஊற வைக்கும். அழைக்காத கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காரும் ‘பந்திப் பரமசிவம்’ அவர்தான். 1959-இல் தொடங்கி ஒன்பது வருஷமாகப் பாயசத்தை உறிஞ்சுகிறார், முருங்கைக்காயைச் சப்புகிறார், ஏப்பம் விடுகிறார். எல்லாம் வெறும் வாயில். மற்ற ஆறு நாளும் காஞ்சிபுரத்துப் பாத்திரக்கடையில் வேலை. “ஒரு ஏப்பம் வுடுண்ணா, கொடத்த வாங்கிக்கினு போறோம்” என்பார்கள் தறிக்காரர் வீட்டுப் பெண்கள். அவரும் விடுவார். குடம் விற்றுவிடும்.

போன மாசியில் தயாரிப்பாளர் உமாபதிக்கு ஓர் ஆசை வந்தது.

“வாய்ச்சத்தம் போதாது சார். இன்னிக்கு மைக் முன்னால நிஜ அப்பளத்தக் கடிக்கணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆள் இருக்கார்.”

மணி ஏழே கால். வளர்த்த பிள்ளை போன்ற பரமசிவம் இன்னொருவன் வாய்க்குப் போவதா? நேமிநாதனுக்கு விரதத்தை விடவும் மனமில்லை. பைக்குள் கைவிட்டுத் துழாவினார். மனைவி குணமாலா முறுக்கு மடித்துக் கொடுத்திருந்த மந்தாரை இலை, சருகாகக் கிடந்தது. நிகழ்ச்சியில் அதை மைக்கருகே நொறுக்கி, வெறும் தாடையை அசைத்தார். அடடா, என்ன அப்பளம்! கண்ணாடிக்கு அப்பால் உமாபதியே கைதட்டினார்.

மறுநாள் காலை ஊர்க் கோயிலில் அபிஷேக முறை நேமிநாதனுடையது. மூன்று தலைமுறையாக வருகிற உரிமை. கோயில் பெரியவர் பார்சுவநாதனோ அபிஷேகச் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பொழுது போயி அப்பளம் துன்னவன் கைல இத்தக் குடுக்க மாட்டேம்பா. ஊரே கேட்டுக்கினு இருந்திச்சி.”

“அது வெறும் சத்தம் மாமா.”

“எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது. அப்பளச் சத்தம் தெரியாதா எனக்கு?”

கூடியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். செம்பு கைமாறாவிட்டால் பாட்டன் பெயரும் சேர்ந்து போய்விடும். அந்த நிலைமையிலும் நேமிநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்படியொரு பாராட்டை எந்த ரசிகரும் கடிதத்தில் எழுதியதில்லை.

“கொஞ்சம் கண்ண மூடிக்க மாமா.”

பெரியவர் மனமில்லாமல் மூடினார். பூ மடித்து வந்த காய்ந்த மந்தாரை இலை பக்கத்தில் கிடந்தது. நேமிநாதன் அதை எடுத்து அவர் காதருகே நொறுக்கினார். தாடை அசைந்தது. பரமசிவத்தின் குரல் எழுந்தது: “இன்னொண்ணு போடுப்பா!”

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத பெரியவரின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் கண்ணைத் திறந்தார். நேமிநாதன் உள்ளங்கையில் இலைத்தூள்தான் இருந்தது.

“எங்க, வாயத் தொற.”

திறந்தார். பெரியவர் இரண்டு பக்கக் கடைவாயையும் எட்டிப் பார்த்தார்.

“கையக் கழுவிக்கினு வா.”

கழுவிவிட்டு வந்தபோது பெரியவர் செம்பைத் தன் மேல்துண்டால் ஒருமுறை துடைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் நீட்டினார்.