வந்த வழியே திரும்பிய சாயம்

அக்கா மகளுக்கு வரன் பார்த்தபோதுதான் 'குழாய்க்காரர்' என்ற பெயரை முதலில் கேட்டேன். பிளம்பர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் சமையலறைக் குழாய் ஆறு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒழுகுகிறது. ஏனென்றால் கல்யாணமாகி மாப்பிள்ளையாக வந்தவர், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயைச் சுற்றவிட்டு, உள்ளே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பவர்.

குழாயின் முன்பாதி அசையாது. பின்பாதியை மோட்டார் சுழற்றும். இரண்டையும் சேர்க்கிற மூட்டு மாப்பிள்ளை தன் கையால் செய்தது. தண்ணீரை மெதுவாக விட்டு, ஊசியால் சிவப்புச் சாயம் செலுத்தினால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகவேண்டும். போகவில்லை. சுழலும் பாதிக்குள் நுழைந்ததும், ஓரத்துச் சாயம் குழாய்ச்சுவரை விட்டு விலகி, வந்த வழியே திரும்பியது.

"மூட்டுல பிசிறு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்," என்றார் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்.

இவர் ஏழு தடவை மூட்டைக் கழற்றித் தேய்த்தார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அடங்க மூன்று மணி நேரம் காத்திருக்கவேண்டுமாம். வீட்டில் கைக்குழந்தை; வேலை போய்விடுமே என்று அக்கா மகள் அழுதுகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை நானே சாப்பாட்டோடு நேரில் போய் நின்றேன்.

"மாப்பிள்ளை, மோட்டார் வேகத்தைக் குறைச்சா நேராப் போகுதாமே? குறைச்சுக் காட்டி வேலையைக் காப்பாத்திக்கோங்களேன்!"

"தண்ணி திரும்புதே, அத்தை. திரும்பலைன்னு எப்படிச் சொல்றது?"

"தண்ணியா உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?"

"மேசையைத் தட்டாதீங்க. சாயம் கலங்குது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பிசிறுதான் காரணமா?"

"இல்லை. ஏழு தடவை தேய்ச்சும், மோட்டார் அதே வேகத்தைத் தொட்டதும்தான் திரும்புது. பிசிறா இருந்தா தேய்க்கத் தேய்க்க மாறணுமே. சுழற்சி வேகமாயிட்டா தண்ணியே சுவரை விட்டுடுது."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"தேய்க்கச் சொன்னார், தேய்ச்சேன். சொல்லச் சொல்லலையே."

இப்படியும் ஒரு பிறவி! நானே போய்ப் பொறுப்பாளரைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் மோட்டாரை நிறுத்தினார். சாயம் நேராகப் போனது. மெல்லச் சுற்றவிட்டார், அப்போதும் நேர்தான். வேகம் கூட்டினார்; திரும்பியது. மாப்பிள்ளை ஏழு தடவையும் குறித்துவைத்த வேகத்தைப் பார்த்தார்; ஏழும் ஒன்றுதான்.

"மூட்டு நல்லாத்தான் இருக்கு," என்று முனகிவிட்டு, இனி அதில் மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

வேலை தப்பியது, மனிதர் வீட்டுக்கு வருவதுதான் நின்றது. அந்தக் கைக்குழந்தைக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. குடும்பப் படத்தில் அப்பா மட்டும் இல்லை; தண்ணீர் அடங்கக் காத்திருந்தாராம்.

இப்போதும் அங்கேதான், மூட்டுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.